சில சமயம்

சில சமயம் கிளம்ப மாட்டேன் என்கிறது, நோல்ஃபா,
என்றார் யெர்கோ விலிசிச்.
எந்தச் சமயம், கேட்டேன்.
சில சமயம், என்றார் திரும்பவும்,
அது ஏதோ கிழமையின் பெயர் போல.

புன்ட்டா அரினாஸில் காற்றடிக்காத நாளை
நான் பார்த்ததில்லை.
பட்டறைத் தகரம் படபடக்கச் சாவியைத் திருப்பினேன்.
முதல் திருப்பிலேயே உறுமியது பிக்கப்,
வாத்தியார் தலை தெரிந்ததும் புத்தகம் விரிக்கும் பையன்.
அணைத்தேன். திருப்பினேன். பதினெட்டு முறை.
பதினெட்டும் பத்தரைமாற்று.

பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு.
முனைகளில் உப்புப் பூக்கவில்லை.
எர்த் கம்பி இறுக்கம்.
என் கூட்டாளி லிண்டோர் என்றால் யோசிக்கவே மாட்டான்:
புது ஸ்டார்ட்டர் மாட்டு, காசை வாங்கு, கும்பிடு போடு.
வேறு பட்டறைகளில் அப்படிக் கழற்றிய இரண்டு ஸ்டார்ட்டர்கள்
ஏற்கெனவே யெர்கோவின் கொட்டகையில் கிடந்தன,
செய்யாத குற்றத்துக்கு உள்ளே போனவர்களாக.

ஒரு நோட்டுக் கொடுத்தேன்.
எடுக்காதபோதெல்லாம் எழுதுங்கள்:
மணி, இடம், மழையா வெயிலா,
நிறுத்தி எவ்வளவு நேரம் ஆயிற்று.
கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் தயங்கினார்.

மூன்று வாரம் கழித்து வந்தது நோட்டு.
மீன் வாடை. பென்சில் எழுத்து.
ஏழு முறை.
மழை இரண்டு, வெயில் ஒன்று, மற்றதெல்லாம் வெறுங்காற்று.
இடம் என்ற இடத்தில்
தெரு. தெரு. தெரு.
நேரம் பதினைந்து நிமிடம். பன்னிரண்டு. பதினைந்து.

துறைமுகத்தில் ராத்திரி முழுக்க நின்றும் எடுத்திருக்கிறது.
சூட்டோடு நிறுத்தி, ஆறுவதற்குள் திருப்பினால்தான் முரண்டு.
மனிதர் சிகரெட் பிடிப்பதில்லை.
தெருவில் பதினைந்து நிமிடம் என்ன செய்கிறார் என்று
அளக்க என்னிடம் மீட்டர் இல்லை.
அங்கேயே போவோம் என்றேன்.

சோலினாய்டு முனையில் கம்பி கோத்து
பானெட் இடுக்கு வழியாக உள்ளே இழுத்து
மல்டிமீட்டரை மடியில் வைத்துக்கொண்டேன்.
நீரிணையோரமாக நாற்பது கிலோமீட்டர், எஞ்சின் நன்றாகக் காயட்டும் என்று.
பிறகு ஊருக்குள்.
திரும்பச் சொல்லி நான் சொல்லவில்லை,
வண்டிக்கே வழி தெரிந்திருந்தது.

மஞ்சள் தகரச் சுவர், ஒற்றை ஜன்னல்.
எதிர்ச்சாரியில் நிறுத்தி அணைத்தார்.
காற்று எங்களைத் தூளி ஆட்டியது.
அவர் ஜன்னலைப் பார்த்தார், நான் கடிகாரத்தை.
ஒன்பதாவது நிமிடத்தில், என் மகள், என்றார்.
பதின்மூன்றாவதில், ஆறு வருஷமாகப் பேச்சில்லை.
பதினைந்தாவதில் சாவியைத் திருப்பினார்.

டிக்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல
இன்றும் வெட்கமாக இருக்கிறது.
மீட்டரில் எட்டேகால்.
பன்னிரண்டு புறப்பட்டு எட்டேகால் வந்து சேர்கிறது,
நடுவில் யாரோ தரகு பிடித்துக்கொள்கிறார்கள்.
குளிர்ந்த சுருளுக்கு அந்த எட்டேகாலே போதும்.
சூடான சுருளுக்குக் காணாது.
ஸ்டார்ட்டருக்குப் பிடிவாதம் எதுவும் இல்லை, என்றேன்,
இங்கிருந்து போவது அதுவரை போய்ச் சேரவில்லை.
நான் கம்பியைத்தான் சொன்னேன்.
அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

மஞ்சள் வீட்டின் கதவு திறந்தது.
ஒரு பொடியன், ஐந்து வயதிருக்கும்,
ஷூ வலதிடம் மாறியிருந்தது.
தள்ளணுமா? என்று கேட்டான், ஒன்றரை டன் பிக்கப்பை.
யெர்கோ வாயெடுத்தார்.
அதிலும் வெறும் டிக்தான்.
உள்ளேயிருந்து ஒரு குரல் பையனைக் கூப்பிட்டது.
போனான்.
கதவை யாரும் சாத்தவில்லை,
காற்றுதான் சாத்தியது.

கிளட்ச் மிதியடிக்குப் பின்னால் இருந்தது திருடன்,
பாசிபோலப் பச்சைக் களிம்பேறிய சுவிட்ச்.
ஒரு சுவிட்ச், ஒரு ரிலே, இரண்டு மீட்டர் புதுக்கம்பி.
ரசீதில் கூலி மூன்று மணி நேரம் எழுதி
அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கழித்தேன்.
அதை யாரிடம் வாங்குவது?

ஏப்ரலில் பெட்ரோல் பங்கில் எதிர்ப்பட்டார்.
எப்படி ஓடுகிறது என்றேன்.
எப்போது திருப்பினாலும் உடனே எடுத்துக்கொள்கிறது,
என்றார் யெர்கோ,
புகார் சொல்கிற குரலில்.